டிக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுப்பது யார்?

2015-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 7,80,000 வண்டிகளை ரீகால் செய்தது. ஜிஎம்சி அக்காடியா, பியூக் என்க்ளேவ், செவ்ரோலே டிராவர்ஸ், சாட்டர்ன் அவுட்லுக் என்ற நான்கு எஸ்யூவிகள். 2007 முதல் 2012 வரையிலான மாடல்கள். பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் என்று நாம் வழக்கமாகப் பயப்படும் எதிலும் கோளாறு இல்லை. பட்டனை அழுத்தினால் தானாக மேலே போகும் டிக்கிக் கதவு, மேலே போன பிறகு, கீழே நிற்பவர் மீது விழுந்தது. 56 பேருக்குக் காயம் என்று நிறுவனமே சொன்னது.

காரணம் எளிமையானதுதான். கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்களுக்குள் தூசி புகுந்து, அவை காலத்துக்கு முன்பே தேய்ந்துவிட்டன. என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த விஷயம். ஸ்ட்ரட் தேய்ந்து கதவு இறங்க ஆரம்பித்தால், அதைக் கவனித்து மெதுவாக இறக்கிவிடுவதற்கென்றே அந்த வண்டிகளில் ஒரு மென்பொருள் இருந்தது. அதுவும் சில வண்டிகளில் கவனிக்கத் தவறியது. அந்த ஏற்பாட்டுக்கு வைத்திருந்த பெயர் 'ப்ராப் ராட் ரிக்கவரி'. ப்ராப் ராட் என்றால் முட்டுக்கம்பி. கார் பானட்டைத் திறந்ததும் ஓரத்தில் படுத்திருக்கும் ஒரு கம்பியை எடுத்து நிமிர்த்தி ஓட்டையில் செருகுவோமே, அதுதான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு புரோகிராமுக்குள் பழைய பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கேயும் இருக்கிறது. அது முட்டுக் கொடுத்தவர்களின் கதை. இணையத்தில் நடிகர்களுக்கும் கட்சிகளுக்கும் முட்டுக் கொடுப்பவர்களைச் சொல்லவில்லை. நிஜமாகவே எடையைத் தாங்கியவர்களைச் சொல்கிறேன்.

*

காரின் பக்கத்துக் கதவுகள் கீலில் தொங்குகின்றன. அவற்றின் எடை வண்டியின் உடம்புக்குப் போய்விடுகிறது. நம் கை கதவை நகர்த்த மட்டும் செய்கிறது. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு அப்படி இல்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அதை யாராவது தாங்கியாக வேண்டும். விட்டால் விழும்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க, கார் செய்தவர்கள் ரொம்ப காலம் கதவைப் பாதியாக வெட்டினார்கள். பிரான்ஸில் 1938-இல் வந்த சித்ரோயன் டிராக்ஷன் அவான் கமர்சியால் வண்டியில் மேல் பாதி மேலேயும் கீழ் பாதி கீழேயும் திறந்தன. அமெரிக்காவில் 1949-இல் வந்த கைசர் டிராவலரும் அதே வழிதான். கீழே மடியும் பாதி பிரச்சினையே இல்லை, சங்கிலியில் தொங்கிக்கொண்டு நிற்கும். மேல் பாதிக்குத்தான் முட்டு தேவை. அது சிறியது என்பதால் மெல்லிய கம்பியே போதும்.

அமெரிக்க ஸ்டேஷன் வேகன்கள் இன்னும் சாமர்த்தியமாக ஒதுங்கின. ஃபோர்டு தன் 1966 மாடல் வேகன்களில் 'மேஜிக் டோர்கேட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பின்கதவைக் கீழ்நோக்கியும் மடிக்கலாம், வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டிலும் திறக்கலாம். இரண்டிலுமே கதவு யார் தலைக்கு மேலும் போகவில்லை.

உச்சக்கட்டம் ஜெனரல் மோட்டார்ஸின் 1971 மாடல் பெரிய வேகன்கள். பின்கண்ணாடி மேலே சறுக்கிக் கூரைக்குள் போய்விடும். இரும்புக் கதவு கீழே சறுக்கித் தரைக்கு அடியில் போய்விடும். கதவே காணாமல் போய்விடும் என்று சொல்லலாம். இதற்கு 'கிளாம்ஷெல்' என்று பெயர், சிப்பி ஓடு. மின்மோட்டாரால் நகரும் பின்கதவு ஸ்டேஷன் வேகனில் வந்தது அதில்தான் முதல்முறை. ஆனால் தண்டவாளம், மோட்டார், கூரைக்குள் இடம், தரைக்கடியில் இடம் என்று அதற்குக் கொடுத்த விலை அதிகம். 1977-க்கு நிறுவனம் வண்டிகளின் உடம்பைக் குறைத்தபோது சிப்பி ஓடும் போய்விட்டது.

இத்தனை சுற்றுவழியும் ஒரே காரணத்துக்காக. முழுக் கதவையும் மேலே தூக்கி நிறுத்திவைக்க நம்பகமான ஆள் கிடைக்கவில்லை.

*

அந்த ஆள் ஜெர்மனியிலிருந்து வந்தான். கோப்லென்ஸ் நகரத்து ஸ்டாபிலுஸ் நிறுவனம் 1962-இல் கேஸ் ஸ்பிரிங்கைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. பார்க்க ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கும் மெல்லிய குழாய். உள்ளே மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன். நைட்ரஜன் எப்போதும் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் கடைசியில் வேகத்தைக் குறைத்து, கதவு 'டங்' என்று போய் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கதவு 30 கிலோ, அதன் எடைமையம் கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். கதவு படுக்கைவாட்டில் நிற்கும்போது கீலைச் சுற்றி சுமார் 150 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஸ்ட்ரட் கீலுக்குப் பக்கத்தில், 15 சென்டிமீட்டர் நெம்புகோலில்தான் தள்ளுகிறது. ஆக மொத்தம் 1,000 நியூட்டன் வேண்டும். பக்கத்துக்கு 500. அதாவது விரல் தடிமன் தண்டு ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ ஆள் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருடக்கணக்காக நிற்கிறது.

கேஸ் ஸ்ட்ரட் வந்த பிறகு கதவைப் பாதியாக வெட்ட வேண்டிய அவசியம் போய்விட்டது. 1983 இறுதியில் கிறைஸ்லர் மினிவேன் வந்தபோது, பின்பக்கம் முழுவதும் ஒரே கதவு. தூக்கிவிட்டால் ஸ்ட்ரட் பிடித்துக்கொள்ளும். நடுத்தரக் குடும்பத்து அமெரிக்கர்கள் வேகனை விட்டுவிட்டு மினிவேனுக்கும், பிறகு எஸ்யூவிக்கும் மாறினார்கள். மழை பெய்தால் அந்தக் கதவுக்கடியிலேயே ஒதுங்கி நின்றுகொள்ளப் பழகினார்கள்.

கம்பிக்கும் கேஸுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கம்பி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும். நைட்ரஜன் வருடக்கணக்கில் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது யார் கண்ணுக்கும் தெரியாது. குளிரும் அதன் பலத்தைக் குறைக்கும். அடைபட்ட வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதே விதி. 20 டிகிரியில் பொருத்திய ஸ்ட்ரட், மைனஸ் 15 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கை இழந்துவிடும். கோடையில் கச்சிதமாக நிற்கும் கிழட்டு ஸ்ட்ரட் ஜனவரியில் கைவிடுவது இதனால்தான்.

*

திறந்திருக்கும்போது தாங்குவது யார் என்று மட்டும் பேசினால் போதாது. மூடியிருக்கும்போது பிடித்துவைப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இதற்கான பதில் 1990-களில் மிக மோசமாக வெளிவந்தது.

மேலே சொன்ன கிறைஸ்லர் மினிவேன்களின் பின்கதவுத் தாழ்ப்பாள், மோதலில் திறந்துகொள்வதாகப் புகார்கள் வந்தன. வண்டி மோதும், கதவு திறக்கும், பின்சீட்டில் இருப்பவர்கள் வெளியே தூக்கி எறியப்படுவார்கள். குடும்பங்களுக்காக விற்ற வண்டியில் பின்சீட்டில் இருப்பது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. 1995 மார்ச்சில், நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் தாழ்ப்பாளை மாற்றித்தர கிறைஸ்லர் ஒப்புக்கொண்டது. ஆனால் அதை ரீகால் என்று சொல்லவில்லை, 'சர்வீஸ் நடவடிக்கை' என்றது.

இன்னும் விசித்திரம் சட்டத்தில் இருந்தது. கார் கதவின் தாழ்ப்பாள் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்லும் 206-ஆம் எண் பாதுகாப்பு விதி 1968-லிருந்தே அமெரிக்காவில் இருந்தது. அது பக்கத்துக் கதவுகளுக்கு மட்டும்தான். அதை எழுதிய காலத்தில் பின்கதவு என்பது சாமான் ஏற்றும் வழி. பிறகு அந்த இடத்துக்குப் பக்கத்தில் சீட்டுகள் வந்தன, குழந்தைகள் வந்து உட்கார்ந்தார்கள், விதி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 1997 செப்டம்பரில்தான் அந்த விதி பின்கதவுக்கும் அமலுக்கு வந்தது. முப்பது வருடம் பின்கதவு சட்டத்தின் கண்ணில் கதவே இல்லை.

*

அதன் பிறகு மோட்டார் வந்தது. 2001 மாடல் கிறைஸ்லர் மினிவேன்களில் பட்டனை அழுத்தினால் தானே திறந்து தானே மூடும் பின்கதவு கிடைத்தது. 2013 மாடல் ஃபோர்டு எஸ்கேப்பில் பட்டன்கூட வேண்டாம். இரண்டு கையிலும் பை இருந்தால் பம்பருக்கடியில் காலை உதைக்கிற மாதிரி நீட்டினால் போதும்.

தானாக மூடும் கனமான கதவு என்பது அமெரிக்க வீடுகளுக்குப் புதிதல்ல. கார் நிறுத்தும் கராஜின் மின்கதவு அதற்கு அண்ணன். அந்தக் கதவுகளுக்கடியில் குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகு 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் ஒவ்வொரு கராஜ் மோட்டாரிலும், எதிலாவது மோதினால் திரும்பிப் போகும் வசதியோடு, ஒளிக்கண் மாதிரி இன்னொரு பாதுகாப்பும் கட்டாயம். காரின் பின்கதவும் இதே பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. தொட்டும் எண்ணியும்தான் அது உலகத்தை அறிகிறது.

தொடுவதற்கு, கதவின் இரண்டு ஓரங்களிலும் ரப்பர் பட்டை. பல வண்டிகளில் அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் ஓடும் இரண்டு மின்கடத்திகள்; கடைசியில் இரண்டையும் இணைத்து ஒரு ரெசிஸ்டர். பட்டையில் விரல் மாட்டினால் கடத்திகள் ஒட்டிக்கொள்ளும், மின்தடை விழுந்துவிடும், கதவு திரும்பும். அப்படியானால் ரெசிஸ்டர் எதற்கு? வயர் அறுந்தால் கண்டுபிடிக்க. ரெசிஸ்டர் இல்லாத பட்டையில் 'யாரும் தொடவில்லை' என்பதும் 'வயர் அறுந்துவிட்டது' என்பதும் ஒரே மௌனம். ரெசிஸ்டர் இருந்தால், நலமாக இருக்கும் பட்டை எப்போதும் ஒரு குறிப்பிட்ட அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் ஏதோ தப்பு.

இந்த யோசனை காரைவிட மூத்தது. 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் ரயில் தண்டவாளத்துக்கு ஒரு மின்சுற்றைக் காப்புரிமை செய்தார். தண்டவாளம் காலியாக இருக்கும்போது மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து ஒரு ரிலேயைப் பிடித்துவைத்திருக்கும். ரயில் வந்தால் சக்கரங்கள் சுற்றைக் குறுக்கே இணைத்துவிடும், ரிலே விழும், அபாய சிக்னல் விழும். பேட்டரி செத்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், வயர் அறுந்தாலும் அதே அபாய சிக்னல்தான். செய்தி வராமல் போனால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும் அந்தச் சுற்று, இன்று உங்கள் டிக்கி ரப்பருக்குள் இருக்கிறது.

எண்ணுவது அடுத்தது. மோட்டார் தண்டில் காந்தம், பக்கத்தில் ஹால் சென்சார். மோட்டார் சுற்றச் சுற்ற துடிப்புகள் வரும். அவற்றை எண்ணித்தான் கதவு இப்போது எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல வண்டிகளில் கதவு குழம்பிப்போவது எண்ணிக்கை மறந்துபோவதால்தான். ஒருமுறை முழுதாக மூடித் திறந்து கற்றுக்கொடுக்க வேண்டும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம்தான் வேகம். எதிர்பார்த்ததைவிட வேகம் குறைந்தால், ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். நிறுத்து, திரும்பு, பீப் அடி.

ஏதோ தடுக்கிறது, சரி. என்ன தடுக்கிறது? அது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. குழந்தையின் கை, கதவில் உறைந்த பனி, பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்ட், செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி, கேஸ் போன ஸ்ட்ரட் எல்லாமே அதற்கு ஒரே செய்தி: துடிப்பு தாமதம்.

*

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. மிச்சிகன் குளிரில் எங்கள் எஸ்யூவியின் பின்கதவு ஒருநாள் ஒரு முழம் மேலே போய், மூன்று பீப் அடித்து, திரும்பி இறங்கியது. மதியம் வெயில் வந்தால் ஒழுங்காகத் திறக்கும். காலையில் மறுபடி அதே கதை. ஒரு வொர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, 'தடை உணரப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது, கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுவிடலாம்.

அப்போது அம்மா எங்களோடு இருந்தார். மளிகைப் பைகளை எடுக்கும்போது தூறலுக்கு அந்தக் கதவுக்கடியில்தான் நிற்பார்.

"ஏன்டா, இத்தாம்பெரிய கதவ மேல யாருடா புடிச்சிட்டு நிக்கிறா?"

"கேஸும்மா."

"சிலிண்டரா?"

"இல்லம்மா, ரெண்டு பக்கமும் கருப்பா குழாய் இருக்கு பாரு, அதுக்குள்ள."

"அது தீந்துபோச்சுன்னா?"

வொர்க்‌ஷாப்பில் யாரும் கேட்காத கேள்வி. வெயிலில் வேலை செய்து குளிரில் செய்யாத கட்டுப்பாட்டுப் பெட்டியைவிட, குளிரில் பலம் குறையும் வாயுவைச் சந்தேகப்படுவதுதான் நியாயம். அடுத்த நாள் காலை முதலில் பேட்டரி வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. கதவுக்கும் கூரைக்கும் நடுவே வளையும் ரப்பர் உறையை இழுத்து உள்ளே பார்த்தேன். ஆயிரக்கணக்கான முறை வளைந்து வயர்கள் வழக்கமாக அறுகிற இடம் அது. அதுவும் சரி. பிறகு பவர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி, இரண்டு கையும் அடியிலேயே இருக்க, பிடியைத் தளர்த்தினேன். நல்ல ஸ்ட்ரட் என்றால் கதவு அங்கேயே நிற்கும், அல்லது மெதுவாக மேலே போகும். எங்கள் கதவு முழு எடையோடு கைக்கு வந்தது.

அப்படியானால் இத்தனை நாள் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தது மோட்டார். ஸ்ட்ரட் பலவீனமாக ஆக, அதன் வேலையையும் சேர்த்து மோட்டார் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. எங்கள் தொழிலில் இது தெரிந்த கதை. பின்னால் இருக்கும் சர்வர் தள்ளாடும். முன்னால் இருக்கும் புரோகிராம் பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பயனருக்கு எல்லாம் நலம் போலவே தெரியும். ஒருநாள் மொத்தமாக விழும்போதுதான், ஆறு மாதமாகவே அது நொண்டிக்கொண்டிருந்தது தெரியவரும். பிழையை மறைக்கிற உதவி, பிழையைச் சொல்கிற உதவியாகவும் இருக்க வேண்டும். எங்கள் கதவு அந்த மூன்று பீப்பில் சொல்லத்தான் செய்தது. அதை மொழிபெயர்த்தவர்கள்தான் 'தடை' என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து எதுவும் தடுக்கவில்லை, உள்ளே இருந்த முட்டு சரிந்திருந்தது. ஒரு ஜோடி ஸ்ட்ரட் மாற்றியதோடு சரியாகிவிட்டது. ஆன செலவு, பெட்டிக்குச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

*

இப்போது 2015-க்குத் திரும்பலாம். திறக்கும்போது ஸ்ட்ரட் பலவீனமாக இருந்தால் வேகம் குறையும், கதவு திரும்பிவிடும். தொல்லை, ஆனால் ஆபத்து குறைவு. திறந்து முடித்த பிறகு ஸ்ட்ரட் கைவிட்டால் கதை வேறு. கதவு கீழே வருகிறது என்ற செய்தி பெட்டிக்கு வரும். ஆனால் மனிதர்கள் கையால் இழுத்து மூடும்போதும் கதவு கீழேதான் வரும். எந்த வேகத்துக்கு மேல் போனால் அது விழுதல் என்று யாராவது ஒரு எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். அப்படி எண்களைத் தீர்மானிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த 56 பேரை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஸ்கிரீனில் அது ஒரு எண். அந்தப் பக்கம் அது ஒருவருடைய பின்மண்டை.

அந்த ரீகாலில் டீலர்கள் செய்த திருத்தம், கதவு மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மென்பொருளை மாற்றி எழுதியது. தூசியால் தேய்ந்த இரும்புக்கு மருந்தாகப் போனது சில வரி புரோகிராம். கையிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து வாயுவுக்கு, வாயுவிலிருந்து மோட்டாருக்கு என்று கைமாறி வந்த சுமை, கடைசியில் எடையே இல்லாத ஒன்றின் தோளில் போய் உட்கார்ந்தது.

ஒவ்வொரு புது ஆளும் தன்னுடைய நோயையும் கூடவே கொண்டுவருகிறான். கம்பி வழுக்கும், வாயு கசியும். பெட்டிக்குத் தண்ணீர் ஆகாது. 2023-இல் 2014 முதல் 2016 வரையிலான மாடல் ஜீப் செரோக்கிகளில் சுமார் 1,32,000 வண்டிகள் ரீகால் ஆயின. பவர் பின்கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால், வண்டி அணைத்து நிற்கும்போதுகூடத் தீப்பிடிக்கலாம். சரிசெய்யும்வரை வண்டியை வீட்டை விட்டுத் தள்ளி, வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. கதவைத் தூக்கும் சிரமத்தைக் குறைக்க வந்த பெட்டிக்குப் பயந்து வண்டி வாசலுக்கு வெளியே போனது.

உங்கள் வண்டியிலோ நண்பர் வண்டியிலோ இந்த வசதி இருந்தால், குளிராக இருக்கும் ஒரு காலையில் பவரை ஆஃப் செய்துவிட்டு, கதவைக் கையால் பாதிக்குத் தூக்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இத்தனை நாள் யார் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

ஸ்ட்ரட் மாற்ற வேண்டியிருந்தால், சர்வீஸ் மேனுவல்கள் பழைய ஸ்ட்ரட்டில் கை வைக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடும்: கதவுக்கு வேறு முட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். சென்சார், மோட்டார், மென்பொருள் எல்லாம் இருக்கிற வண்டிக்கும் அதே வரிதான். எங்கள் வண்டியில் அதற்குத் துடைப்பக்கட்டை சரியான உயரமாக இருந்தது.